பொலித்தீன் போர்த்திய செவ்வரத்தை

பெப்ரவரி 18, 2025, செவ்வாய்

லிப்ட் மறுபடியும் வேலை செய்யவில்லை. மொட்டைமாடிக்குப் படியேறிப் போய்ச் சேர்வதற்குள் முழங்கால் இரண்டும் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டன. ஆறு மாடி கட்டத் தெரிந்தவனுக்கு ஒரு லிப்டைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை. வெள்ளவத்தையில் எல்லாக் கட்டடத்திலும் இதே கதைதானாம், இவர், என் கணவர், சொல்கிறார். ஊரில் எல்லோருக்கும் பல்வலி என்றால் என் பல் வலிக்காதா?

போனது ஷபீகாவின் கத்தரியைப் பார்க்க. சாமான் விலை ஏறி, சமையல் காஸுக்கு வரிசையில் நின்ற அந்த வருடம் அவளும் நானும் தொடங்கிய தோட்டம் இது. பெயின்ற் வாளி, உடைந்த சிங்க், யாரோ எறிந்த குளியல் தொட்டி, எல்லாவற்றிலும் மண் போட்டோம். இப்போது பாகல், புடோல், கத்தரி, மிளகாய், ஒரு மூலையில் கறிவேப்பிலை. முக்கால்வாசி அவளுடையது. ஆறாம் மாடியில் இருப்பவள், தண்ணீர் ஊற்றுகிறவளும் அவள்தான். என் பங்கு மேற்பார்வையும் வாயும்.

தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே, சுவர் ஓட்டைக்குள் கொசுத்தேனீ குடியிருக்கிறது. நாங்கள் வைக்கவில்லை, தானாக வந்தது. கொட்டாது. இலையான் ஈ அளவுகூட இல்லை. வாசலில் மெழுகால் ஒரு சின்னக் குழாய் கட்டி, அதற்கு இரண்டு மூன்று பேரைக் காவலும் வைத்திருக்கிறது. விடிந்தால் பாகல் பூவுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கும். இந்தக் கட்டடத்தில் ஒழுங்காக வேலை செய்வது அதுகள் மட்டும்தான்.

கத்தரி இலைக்கு அடியில் ஏதோ வெள்ளையாக இருக்கிறது, மா தூவியதுபோல. நசுக்கினேன். விரலில் பிசுபிசுத்தது.

பெப்ரவரி 20

மிளகாயிலும் வெள்ளை.

பெப்ரவரி 23, ஞாயிறு

காப்புறுதிக் கொம்பனியில் இழப்பீட்டுப் பிரிவில் இருந்து இளைப்பாறியவள் நான். மோதின வாகனத்தில் எந்தப் பக்கம் அதிகம் நசுங்கியிருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் முதல் வேலை. இன்று மாடியில் அதைத்தான் செய்தேன். கறிவேப்பிலையில் இல்லை. பாகலில் கொஞ்சம். கத்தரியில் கூட. அதற்குப் பக்கத்தில் நிற்கிற செவ்வரத்தையில் தண்டே தெரியவில்லை, அவ்வளவு வெள்ளை.

அந்தச் செவ்வரத்தை, இந்தியாக்காரர் செம்பருத்தி என்பது, இவருடையது. ஜனவரியில் கோயில் ஆட்களோடு தென்னிந்தியாவுக்கு யாத்திரை போனவர், ஒரு குருக்கள் வீட்டு முற்றத்தில் கேட்டு வாங்கிய கன்றை ஈரத்துணியில் சுற்றி, வேட்டிக்குள் வைத்து, பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டு வந்தார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஒருவரும் பார்க்கவில்லை என்று பெருமை வேறு. மகள் மிதுனாவைப் பார்க்க மெல்பேர்னுக்குப் போனபோது இதே மனிதர்தான் என் கைப்பையில் கிடந்த ஒரு காய்ந்த கறிவேப்பிலைக்குப் பயந்து வேர்த்து விறுவிறுத்து, அதிகாரியிடம் தானாகப் போய் நீட்டினார். வெள்ளைக்காரன் நாட்டுக்கு நோய் வந்துவிடக் கூடாது. எங்கள் நாட்டுக்கு வரலாம்.

"இதிலயிருந்துதான் பரவியிருக்கு" என்றேன்.

"சாமிக்கு வந்த மரம். நீர் சும்மா பழி சொல்லாதையும்" என்றார்.

மார்ச் 3, திங்கள்

இலையைப் போத்தலில் அடைத்து விவசாயத் திணைக்களத்துக்குக் கொண்டுபோனேன். நிலூஷா என்று ஓர் உத்தியோகத்தர், சின்ன வயது. அவளுடைய சிங்களமும் என்னுடைய அரைச் சிங்களமும் போதுமாக இருந்தன. பூதக்கண்ணாடியில் பார்த்த உடனேயே முகம் மாறியது. மாவுப்பூச்சிதான், ஆனால் இங்கத்தைய இனம் இல்லை, வெளியிலிருந்து வந்தது என்றாள். கொண்டுவந்த செடியைப் பிடுங்கி, பைக்குள் கட்டி அழிக்க வேண்டும். மற்றவற்றைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவ வேண்டும். மருந்து மட்டும் அடிக்கவே கூடாது.

ஏன் என்று கேட்டேன். எங்கள் பொறிவண்டும் கண்ணுக்குத் தெரியாத சின்னக் குளவிகளும் மெல்ல மெல்ல இதைத் தின்னப் பழகும், மருந்தடித்தால் அதுகள்தான் முதலில் சாகும், இது மாவுக்குள் முட்டையிட்டுக்கொண்டு தப்பிவிடும் என்றாள். பொறிவண்டின் புழுவும் வெள்ளையாகத்தான் இருக்குமாம், பார்த்து நசுக்கச் சொன்னாள். நான் எத்தனையை நசுக்கினேனோ.

வந்தேறிப் பூச்சி என்று எழுதக் கை கூசுகிறது. அந்தச் சொல்லை எங்கள் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இந்தக் கொழும்பில் இருந்தார்கள். ஆனால் மனிதர் வந்தால் கடை போடுவார்கள், பாஷை பழகுவார்கள், பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் கொடுப்பார்கள். இதற்குத் தின்ன மட்டும்தான் தெரியும். இரண்டையும் ஒன்றாக்கிக் கதைக்கிறவன் எவனாக இருந்தாலும் என்னிடம் வாங்கிக்கட்டுவான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் எழும்பியே விட்டார். "சாமிக்கெண்டு வைச்ச மரத்தைப் பிடுங்கிறதோ? நீர் என்ன கதை கதைக்கிறீர்?"

பிறகு மேலே போய் அதற்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தார். மாவுப்பூச்சிக்கு நீராட்டு விழா.

மார்ச் 5

நானே பிடுங்கலாம். இரண்டு தடவை கை வைத்தேன். அந்தப் பூவைச் சாமிப் படத்தடியில் வைத்து, மிதுனாவுக்கு ஒரு பிள்ளை கிடைக்க வேண்டும் என்று இவர் முணுமுணுப்பது குசினிக்குள் எனக்கும் கேட்கும். கையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அதற்காக என்மேலேயே ஆத்திரம்.

மார்ச் 9, ஞாயிறு

கட்டடக் கமிட்டிக் கூட்டம். தலைவர் கஜீவன், மூன்றாம் மாடி, கணக்காளர், முப்பத்தைந்து வயதுக்குள் எல்லாம் தெரிந்தவர். செயலாளர் என் வீட்டுக்காரர். கஜீவனின் பல்கனி ரோசாவில் வெள்ளை வந்துவிட்டதாம். டெங்குக் காலமும் வருகிறதாம். அதனால் பூச்சி அடிக்கும் கொம்பனியைக் கூப்பிட்டு மாடி முழுவதும் மருந்து அடிப்பதாம்.

நிலூஷா சொன்னதில் செவ்வரத்தைக் கதையை மட்டும் விட்டுவிட்டு, மற்றதை ஒன்றுவிடாமல் சொன்னேன். தேனீ, பொறிவண்டு, குளவி, எது எதைத் தின்னும், எது போனால் எது பெருகும். கஜீவன் கைபேசியைத் தடவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான்.

"பூச்சி எண்டா பூச்சிதானே அன்ரி. ஒரேயடியா அடிச்சுக் கிளீன் பண்ணுவம்."

"ஆளெண்டா ஆள்தானே, கள்ளனையும் டொக்டரையும் ஒண்டா உள்ள போடுவமோ?" என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். பகிடிக்குச் சொன்னேன் என்று நினைத்தார்கள் போல. பிறகு கை தூக்கச் சொன்னான். ஷபீகா தூக்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் மெதுவாகத் தூக்கினார்.

கத்தியதற்குக் கிடைத்தது இவ்வளவுதான்: இருபத்திரண்டாம் திகதி, சனிக்கிழமை அடிப்பார்கள். முதல் நாள் பொழுதுபட நான் தேனீக் கூட்டை மூடி வைக்கலாம்.

மார்ச் 16

காலி வீதி ஹார்ட்வெயார் கடையில் தடித்த பொலித்தீன் வாங்கினேன், சுவரின் அந்தப் பக்கம் முழுவதையும் மூடும் அளவுக்கு. கயிறும் டேப்பும். வாசல் குழாயை அடைக்கப் பஞ்சு. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, மாடிக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். இவருக்கும் காட்டினேன். "ஓம், ஓம்" என்றார்.

கத்தரி இலையில் இன்று இரண்டு பொறிவண்டுகள், கறுப்பில் சிவப்புப் பொட்டு. வெள்ளைக்குள் முகத்தைப் புதைத்துத் தின்றுகொண்டிருந்தன. ஷபீகாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் வெயிலில் குனிந்து நின்று, கலியாண வீட்டில் பந்தி பார்ப்பதுபோலப் பார்த்தோம். தின்னுங்கோ பிள்ளையள், நல்லாத் தின்னுங்கோ.

மார்ச் 20, வியாழன்

கொட்டாஞ்சேனையில் அண்ணியின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. ஐயர் வந்து இருந்த நேரம் ஷபீகா போன் எடுத்தாள். "அக்கா, மருந்துக்காரங்க வந்து ஈக்காங்க. இண்டைக்கே அடிக்கப் போறாங்களாம்." கொம்பனிக்காரனுக்கு இன்று வேறு வேலை இல்லையாம், கஜீவன் வரச் சொல்லிவிட்டானாம். ஷபீகா பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவரப் போய், தெருவில் நிற்கிறாள்.

இவருக்கு எடுத்தேன். "மேல ஓடுங்கோ. கதவுக்குப் பின்னால பை இருக்கு. வாசலில பஞ்சை வைச்சு, பொலித்தீனைச் சுவரோட இறுக்கிக் கட்டுங்கோ. கெதியா!"

"ஓம். நான் பாத்துக்கொள்ளுறன். நீர் அங்க அலுவலைப் பாரும்."

நம்பினேன். இருந்து சாப்பிட்டும்விட்டுத்தான் வந்தேன். பஸ்ஸுக்குள் நிம்மதியாகக் கண்ணைக்கூட மூடினேன்.

மாடிக் கதவைத் திறந்தபோது மூக்கு எரிந்தது. என்னுடைய பொலித்தீன், நான் வாங்கின பொலித்தீன், செவ்வரத்தையில் இருந்தது. அடியிலிருந்து நுனிவரை சுற்றி, என் கயிற்றால் கட்டி, என் டேப்பால் ஒட்டி. காற்றுக்கூடப் போகாது. சுவரில் ஒன்றும் இல்லை. சுவர் நனைந்திருந்தது. தாங்கிக்குக் கீழே சீமெந்தில் எள்ளுக் கொட்டினதுபோலக் கிடந்தது. குனிந்து பார்த்தேன். எள்ளு இல்லை. சிலது இன்னும் காலை அசைத்துக்கொண்டிருந்தது.

கேட்டேன். ஏன்? ஏன் எண்டு கேட்டன்!

"பூசைக்குப் போற பூ. மருந்து பட்டால் சாமிக்கு வைக்கேலாது. தேனீ சுவருக்கு உள்ளதானே இருக்கு, அதுக்கு ஒண்டும் நடக்காதெண்டு நினைச்சன்."

உள்ள இருக்குதாம். பகல் பதினொரு மணிக்கு வேலைக்குப் போன சனம் உள்ளயா இருக்கும்? பூவில இருந்ததெல்லாம் திரும்பி வந்து அந்த ஈரச் சுவரில இறங்கிச் செத்திருக்கு. வீட்டுக்கு வந்து செத்திருக்கு. எது அழிக்க வேண்டியதோ அதுக்கு மட்டும் குடை பிடிச்சிட்டு, மற்ற எல்லாத்தையும் சாக்காட்டிப்போட்டு நிக்கிறார் மனிசன். இப்பிடி ஒரு பிழையை வேற ஆர் விடுவினம்? சொல்லுங்கோ, வேற ஆர்?

மார்ச் 21

மாடியைக் கூட்டினேன். தேனீ, பொறிவண்டு, ஒரு தும்பி, பச்சையாய் மின்னுகிற பெயர் தெரியாத ஒன்று, சிலந்தி. மாவுப்பூச்சியும் செத்ததுதான், இல்லையென்று சொல்லவில்லை. இலையெல்லாம் சுத்தம். கஜீவன் படம் எடுத்துக் கட்டட வட்ஸ்அப்பில் போட்டிருக்கிறான். இருபது பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள்.

இவருக்குச் சோறு போட்டேன். கதைக்கவில்லை.

மார்ச் 30

வாசல் குழாயில் காவல் இல்லை. நேற்று ஒன்று நின்றது, இன்று அதுவும் இல்லை. மெழுகு காய்ந்து வெடித்திருக்கிறது. அதன் வழியாகச் சிற்றெறும்பு போய் வருகிறது.

ஏப்ரல் 14, புதுவருடம்

மருத்துநீர், கைவிசேடம், பாற்சோறு. எல்லாம் நடந்தது. இவர் மேலே போய்ச் செவ்வரத்தை பறித்து வந்தார். தட்டில் வைத்தபோது பூவின் காம்பில் வெள்ளை ஒட்டியிருந்தது. ஊதிவிட்டுச் சாமிக்கு வைத்தார்.

நான் மேலே போனேன். நினைத்ததுதான். பொலித்தீனுக்குள் சொகுசாக இருந்ததெல்லாம் இப்போது ஊர்வலம் புறப்பட்டிருக்கிறது. கத்தரி, மிளகாய், பாகல், இந்தமுறை கறிவேப்பிலையும். இலைக்கு மேலே கரிபோலக் கறுப்பு. தின்ன ஒரு பொறிவண்டு இல்லை. முன்பு ஒரு மாதம் எடுத்தது, இப்போது மூன்று கிழமைக்குள் முடித்திருக்கிறது. அதன் எதிரியைக் கொன்று, பந்தியும் விரித்துக் கொடுத்திருக்கிறோம். வேறென்ன செய்யும்?

நிலூஷாவுக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். "பொலித்தீனை எதற்குப் போர்த்தினார்கள்?" என்று திரும்பவும் கேட்டாள். விளக்க எனக்கு வெட்கமாக இருந்தது. பிழை செய்தவர் கீழே பாயாசம் குடித்துக்கொண்டிருந்தார்.

மே 2, வெள்ளி

ஷபீகாவும் நானும் சவர்க்காரத் தண்ணீரால் ஒவ்வோர் இலையாகக் கழுவுகிறோம். பாகல் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. பந்தல் நிறைய மஞ்சள் பூ.

"பூ நெறய ஈக்கி அக்கா. ஒண்டும் பிடிக்குதில்ல. பிஞ்சு மஞ்சளாகி உழுந்துடுது."

என்னிடம் கேட்பதுபோல என்னைப் பார்த்தாள். பதில் இரண்டு பேருக்கும் தெரியும். சுவர் ஓட்டையை இரண்டு பேரும் பார்க்கவில்லை. அவளுடைய புருஷன் ஹமீட்டுக்குச் சீனி வருத்தம். கிழமையில் நாலு நாள் பாகற்காய்தான் அந்த வீட்டில். இப்போது சந்தையில் வாங்குகிறாள்.

மே 11, ஞாயிறு

லிப்ட் கதவில் கஜீவனின் அறிவித்தல். மாடியில் பூச்சி மறுபடியும் வந்ததற்குக் காரணம் அங்கே வைத்திருக்கும் சாடிகளும் உரமுமாம். கொலன்னாவைப் பக்கத்திலிருந்து எருமூட்டை கொண்டுவந்தவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியுமாம். பெயர் போடவில்லை. பெயர் போடாமல் எழுதுவதுதான் இன்னும் கேவலம். எருமூட்டை கொண்டுவந்தது ஷபீகா ஒருத்திதான். அடுத்த ஞாயிறு கூட்டம். சாடிகளை அகற்றுவது பற்றி முடிவு.

அறிவித்தலைக் கிழித்துக்கொண்டு வந்து இவர் மடியில் போட்டேன்.

"வாசியுங்கோ. உங்கட பெட்டிக்குள்ள வந்தது அவளின்ர தலையில விழுகுது. கூட்டத்தில நீங்கள் எழும்பிச் சொல்லோணும். சொல்லாட்டி நான் சொல்லுவன். நான் சொன்னா எப்பிடிச் சொல்லுவன் எண்டு உங்களுக்குத் தெரியும்."

வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் வாசித்தார்.

மே 14

இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கோயிலுக்குப் போய் நெடுநேரம் இருந்துவிட்டு வந்தார். சாமி என்ன, சத்தியக் கடதாசியா எழுதிக் கொடுக்கப் போகிறது?

மே 18, ஞாயிறு

ஷபீகா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்வரிசையில் இருந்தாள். ஹமீட் வரவில்லை. கஜீவன் அரை மணித்தியாலம் சுகாதாரம் பேசினான். நான் எழும்பப் போனேன். அதற்கு முதல் இவர் எழும்பிவிட்டார். கமிட்டிச் செயலாளர் பேசுவதுபோலத் தொண்டையைச் செருமினார்.

"எருமூட்டையில வரேல்லை. நான்தான் கொண்டுவந்தனான். இந்தியாவிலயிருந்து, பெட்டிக்குள்ள ஒளிச்சு. மருந்தடிச்ச நேரம் அதை மூடி வைச்சவனும் நான்தான். மனிசி தேனீக்கு வாங்கி வைச்ச பொலித்தீனால."

கஜீவன், "அங்கிள், அது தெரியாமல் நடந்த..." என்று பூசி மெழுகத் தொடங்கினான். இவர் கையைக் காட்டி நிறுத்தினார். அப்போதுதான் பின்னாலிருந்து ஷபீகா கதைத்தாள். மெதுவாகத்தான்.

"எனக்கு அப்பவே தெரியும் அண்ணன். மொதல்ல உங்கட மரத்திலதான் வெள்ளை பட்டிச்சி. தண்ணி ஊத்துறவ நான்தானே. சாமிக்கு வைக்கிற பூ எண்டு செல்லிக் கொண்டுவந்தீங்க. அதப் பத்தி நான் ஒண்டு சென்னா வேற கதயாப் போயிடும். அதான் வாயத் தொறக்கல்ல."

இவர் கதிரையில் இருந்துவிட்டார்.

எனக்கு இப்ப ஆர்மேல கோவம் எண்டே தெரியேல்லை. மூண்டு மாசமா அவள் எனக்குப் பக்கத்தில நிண்டு இலை கழுவினவள். தெரிஞ்சுகொண்டு கழுவினவள். ஒரு செடியைக் காட்டி "இதிலதான் பூச்சி" எண்டு சொல்லப் பயந்து, தன்ர தோட்டம் முழுதும் போகட்டும் எண்டு இருந்திருக்கிறாள். என்னட்டைச் சொல்லியிருக்கலாமே? என்னட்டையுமா பயம்? நானும் இவரைக் காட்டிக்குடுக்காமல் அவளிட்டை மறைச்சனான்தான். கூட்டத்தில் கத்திக் கத்தி நியாயம் கேட்டவள் நான். அந்தப் பயத்தை ஒருநாளும் காணவில்லை.

சாடிகள் இருக்கும். கை தூக்கக்கூட யாரும் கேட்கவில்லை.

மே 19

காலையில் குளிப்பதற்கு முன்பே இவர் மாடிக்குப் போனார். பின்னால் போய்ப் பார்த்தேன். செவ்வரத்தைக்கு முன்னால் நின்று கும்பிட்டார். பிறகு வேரோடு பிடுங்கி, மண்ணையும் வாரி, பைக்குள் பை போட்டு இறுக்கிக் கட்டினார். நான் உதவிக்குப் போகவில்லை. மனதுக்குள் மிதுனாவை நினைத்திருப்பார், எனக்குத் தெரியும். நானும் நினைத்தேன்.

இன்று பூசைக்குப் பூ இல்லை. தீபம் மட்டும் காட்டினார்.

மே 27

கத்தரியில் ஒரு பொறிவண்டு. எங்கிருந்து வந்ததோ. ஷபீகாவைக் கூப்பிட்டேன். வந்தாள், பார்த்தாள், "மாஷா அல்லாஹ்" என்றாள்.

சுவரில் ஒன்றும் வரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஒரு கிழமையாக இவர் விடிய எழும்பி எங்கோ போய் வருகிறார். கடற்கரைக்கு நடக்கப் போகிறார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. நாங்கள் இன்னும் தேவைக்கு மட்டும்தான் கதைக்கிறோம். இன்று தண்ணீர் மோட்டரைப் பார்க்க மேலே போனால், பாகல் பந்தலுக்குக் கீழே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஒரு பூவைப் பிய்த்து இன்னொரு பூவில் ஒற்றுகிறார். பிறகு அடுத்த பூ. சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. யூரியூப்பில் பார்த்தாராம். ஷபீகாவிடம் சொல்ல வேண்டாம் என்றார், காய் பிடித்த பிறகு பார்க்கட்டுமாம்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். தலையில் அடித்துக்கொண்டேன். கையில் இருந்ததும் ஆண்பூ, ஒற்றினதும் ஆண்பூ. ஒரு கிழமையாக, ஒவ்வொரு விடியலிலும், முழுப் பந்தலுக்கும் இதைத்தான் செய்திருக்கிறார்.

"பூவுக்குக் கீழ சின்னக் காய் மாதிரி இருக்கோ எண்டு பாக்கிறேல்லையே? அதுதான் பெண்பூ."

கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக் குனிந்து தேடினார். ஒன்றைக் கண்டுபிடிக்கவே வெகுநேரம் எடுத்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இவ்வளவையும் அதுகள் ஒவ்வொரு நாளும் செய்ததுகளோ?"

"ஓம்" என்றேன்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெயில் ஏறினால் பூ வாடிவிடும். அவருக்கு எட்டாத கொடியைப் பிடித்து இழுத்துத் தாழ்த்திக் கொடுத்தேன்.